எந்த ‘போரிஸ் கொதுனோவ்’?

ரஷ்ய இசையமைப்பாளர் மொடெஸ்ட் முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ ஓபராவுக்கு வந்த பழைய பியானோ பிரதிகள் இரண்டை எடுத்து, இரண்டிலும் கடைசிக் காட்சியைப் பிரித்து அருகருகே வையுங்கள். ஒன்று 1874இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பெஸ்ஸெல் பதிப்பகம் வெளியிட்டது. மற்றது அதே பதிப்பகம் 1896இல் வெளியிட்டது. அவரது நண்பரும் இசையமைப்பாளருமான நிகோலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தியது. முதல் பிரதி ஒரு காட்டு வெட்டவெளியில் முடிகிறது. அரியணைக்கு உரிமை கோரி வந்த போலி இளவரசனின் பின்னால் கூட்டம் முழுவதும் மாஸ்கோவை நோக்கிப் போய்விட்டது. தொலைவில் தீயின் வெளிச்சம் தெரிகிறது. மேடையில் மிஞ்சியிருப்பவன் ஒரு தெய்வப்பித்தன் மட்டுமே. அவன் தனியே உட்கார்ந்து, பசித்த ரஷ்ய மக்களுக்காக அழுகிறான். இரண்டாவது பிரதி கிரெம்ளின் அரண்மனையில் முடிகிறது. அரியணைக்காகக் குட்டி இளவரசன் ஒருவனைக் கொல்லவைத்த குற்ற உணர்வு அரித்த ஜார் போரிஸ், மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டு, பிரபுக்கள் கண்ணெதிரே சாய்ந்து உயிரை விடுகிறார்.

முதலாவது மக்களின் துயரம். இரண்டாவது அரசனின் துயரம். இத்தனை பெரிய மாற்றத்துக்குப் புதிதாக ஒரு ஸ்வரம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டு காட்சிகளை இடம் மாற்றி அடுக்கியதே போதுமானதாக இருந்தது.

ஓபரா மேடையில்தான் வாழ்கிறது என்றாலும் அது பிழைத்துக் கிடப்பது தாளில். எந்தத் தாள் அச்சேறியது, எது நூலக அலமாரியில் தூங்கியது, எதை ஒரு பயணி பெட்டியில் போட்டு ஊர் கடந்து எடுத்துப்போனார் என்பவையே, உலகம் எந்த போரிஸைக் கேட்கப்போகிறது என்பதைத் தீர்மானித்தன. பாடபேதம், அதாவது ஒரே நூலின் பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, என்ற சொல் சுவடிப் பதிப்புகளின் வழியாக நமக்கு நன்றாகப் பழகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரஷ்ய ஓபராக்களில் இந்த ஒன்றின் வரலாற்றையே பாடபேதங்களின் வரலாறு என்று சொல்லிவிடலாம்.

அதற்குள் போகும் முன் தாள்களைப் பற்றிக் கொஞ்சம். ஓபராவின் முழுப்பிரதி என்பது எல்லா வாத்தியங்களின் வரிகளும் எல்லாக் குரல்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட பெரிய புத்தகம். நடத்துநரின் மேசையில் விரிந்து கிடப்பது அதுதான். வயலின்காரர் முன்னால் வயலின் வரி மட்டும், எக்காளக்காரர் முன்னால் எக்காள வரி மட்டும் இருக்கும். அவை தனித்தனியாகப் படியெடுத்த வாத்தியத் தாள்கள். மூன்றாவது வகை பியானோ பிரதி. பாடகர்களின் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு, வாத்தியக்குழு வாசிப்பது அனைத்தையும் பியானோக்காரரின் இரண்டு கைகளுக்குள் சுருக்கியது. ஒத்திகைக்கு அதுதான் வேண்டும். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில், வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் ஓபராவைத் தெரிந்துகொண்டதும் அதன் வழியாகத்தான். முழுப்பிரதியை அச்சடிக்கச் செலவு மிகுதி, வாங்குபவர் குறைவு. பியானோ பிரதி விற்கும். எனவே பெரும்பாலான பதிப்பகங்கள் பியானோ பிரதியை முதலில் அச்சடித்தன. முழுப்பிரதி அரங்கத்தின் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகவே இருந்துவிடும்.

முசோர்க்ஸ்கிக்கு நேர்ந்ததும் இதுதான். தன் வாழ்நாளில் ‘போரிஸ்’ ஓபராவின் முழுப்பிரதியை அச்சில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பார்த்தது 1874இன் அந்தப் பியானோ பிரதியை மட்டும்.

ஓபராவின் தொடக்கம் 1868ஆம் ஆண்டு இலையுதிர்காலம். முசோர்க்ஸ்கிக்கு 29 வயது; ஓபராவை எழுதிய ஆண்டுகளில் அவருக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அலெக்ஸாந்தர் புஷ்கின் 1825இல் எழுதிய ‘போரிஸ் கொதுனோவ்’ நாடகத்தை ஓபராவாக்கலாம் என்று வரலாற்றுப் பேராசிரியரான நண்பர் விளாதிமிர் நிகோல்ஸ்கி யோசனை சொன்னார். இசையமைப்பாளர் கிளிங்காவின் சகோதரி லுத்மீலா ஷெஸ்தகோவா, புஷ்கினின் நாடகத்தை இடையிடையே வெற்றுத்தாள் வைத்துத் தைத்து அவருக்குக் கொடுத்தார், குறிப்பு எழுதிக்கொள்வதற்காக. முசோர்க்ஸ்கி வேகமாக எழுதினார். அடுத்த ஆண்டு டிசம்பருக்குள், எதை எந்த வாத்தியம் வாசிப்பது என்ற வாத்தியப் பங்கீடு உட்பட எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு காட்சிகள். காதல் இல்லை, நாயகி இல்லை, நடனம் இல்லை. புஷ்கினின் வசனங்களைப் பல இடங்களில் அப்படியே எடுத்துப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே பாடவைத்திருந்தார். சதுக்கத்தில் மண்டியிடும் கூட்டம், முடிசூட்டு விழா, மடத்தில் வரலாறு எழுதும் முதிய துறவி பீமென், எல்லையோரச் சத்திரம், அரண்மனையில் போரிஸ், செயின்ட் பசில் தேவாலயத்தின் முன்னே பசித்த மக்கள், கடைசியில் போரிஸின் மரணம்.

1871 பிப்ரவரியில் பேரரசின் அரங்கக் குழு இதை நிராகரித்தது. முக்கியமான பெண் பாத்திரம் இல்லை என்பது பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. முசோர்க்ஸ்கி திரும்பவும் உட்கார்ந்தார். போலந்து நாட்டுக் காட்சிகள் இரண்டைச் சேர்த்தார். மரீனா என்ற பிரபுகுலப் பெண் வந்தாள், ரங்கோனி என்ற ஜேசுயிட் பாதிரியார் வந்தார், காதல் டூயட் வந்தது.

1872இன் திருத்தத்தை அரங்கத்தின் கட்டாயத்துக்குப் பணிந்த சமரசம் என்று சொல்லிவிடுவது எளிது. பிரதிகளைப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. பெண் பாத்திரம்தான் கேட்டார்கள். அரண்மனைக் காட்சியைக் கிட்டத்தட்ட முழுவதும் மாற்றி எழுதும்படி யாரும் சொல்லவில்லை, அவர் எழுதினார். போரிஸின் பெரிய தனிமொழிக்கு, தான் பாதியில் விட்ட ‘சலாம்போ’ ஓபராவிலிருந்து ஓர் அகன்ற மெட்டை எடுத்து வைத்தார். குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டு, கிளியின் கதை, பொம்மைகள் நகரும் மணியடிக்கும் கடிகாரம் எல்லாம் அப்போது வந்தவை. போரிஸுக்குக் கொல்லப்பட்ட குட்டி இளவரசன் கண்ணில் தெரியும்போது அந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். செயின்ட் பசில் காட்சியை எடுத்துவிட்டு, குரோமி என்ற ஊருக்கு வெளியே காட்டில் நடக்கும் கலகக் காட்சியைப் புதிதாக எழுதி, போரிஸின் மரணத்துக்குப் பிறகு வைத்தார். மக்களை ஒரே எண்ணத்தால் உந்தப்பட்ட ஒரு பேராளுமையாகப் பார்க்கிறேன் என்று எழுதியவர் அவர். அந்த எண்ணத்துக்கு உருவம் கிடைத்தது குரோமியில்தான். அதை அரங்கக் குழு கேட்டிருக்கவே முடியாது.

அந்தத் திருத்த வேலை நடந்த அறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1871 இலையுதிர்காலத்திலிருந்து அடுத்த கோடைவரை முசோர்க்ஸ்கியும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். ஒரு பியானோ, ஒரு மேசை. காலையில் பியானோ முசோர்க்ஸ்கிக்கு. ரிம்ஸ்கி அந்த நேரத்தில் படியெடுப்பார், வாத்தியப் பங்கீடு செய்வார். நண்பகலில் முசோர்க்ஸ்கி அலுவலகம் கிளம்பியதும் பியானோ ரிம்ஸ்கிக்கு. அவர் அப்போது தன் முதல் ஓபராவான ‘ப்ஸ்கோவ் நகரப் பெண்’ எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் ‘போரிஸ்’ பிரதியைக் கையில் எடுத்துத் திருத்தியவர், அந்த இசை பிறந்த அறையிலேயே இருந்தவர். ரிம்ஸ்கியைக் குறை சொல்லும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1874 ஜனவரி 27 அன்று (நம் நாட்காட்டியில் பிப்ரவரி 8) மாரின்ஸ்கி அரங்கில் ஓபரா அரங்கேறியது. எதுவார்த் நாப்ராவ்னிக் நடத்தினார். போரிஸாக இவான் மெல்னிகோவ் பாடினார். அன்றே கத்தரி வேலை செய்திருந்தது: பீமெனின் மடக் காட்சி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள், விமர்சகர்கள் கடிந்தார்கள். நெருங்கிய நண்பர் செஸார் குயியே காட்டமாக எழுதியது முசோர்க்ஸ்கியை வாட்டியது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், ஓபராவை நன்றாகப் படித்துப் பார்த்த சாய்கோவ்ஸ்கி, இது இசையைக் கேவலப்படுத்தும் கேலிக்கூத்து, நாசமாய்ப் போகட்டும் என்று தன் தம்பிக்குக் கடிதம் எழுதினார். பிறகு வந்த நிகழ்ச்சிகளில் குரோமி காட்சியையும் வெட்டினார்கள். முசோர்க்ஸ்கி 1881 மார்ச்சில், 42ஆம் பிறந்தநாள் கழிந்த ஒரு வாரத்தில், ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அடுத்த ஆண்டோடு ஓபரா மாரின்ஸ்கி மேடையிலிருந்து இறங்கியது.

ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தத்தில் இறங்கியது இந்த நிலையில்தான். முதலில் போலந்துக் காட்சியின் பொலோனைஸ் நடனத்துக்கு மட்டும் புதிய வாத்தியப் பங்கீடு செய்தார். பிறகு முடிசூட்டுக் காட்சி. 1896க்குள் ஓபரா முழுவதும் அவர் கையில் மாறிவிட்டது.

என்ன மாற்றினார்? கிட்டத்தட்ட ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்று. முடிசூட்டுக் காட்சியின் மணியோசையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவருக்கு எது உறுத்தியது என்பது புரியும். முசோர்க்ஸ்கி கிரெம்ளின் மணிகளுக்கு இரண்டே இரண்டு கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, கொடுத்திருக்கிறார். ஒன்று ஏ-ஃப்ளாட்டை அடியாகக் கொண்ட ஏழாம் கார்டு. மற்றது டியை அடியாகக் கொண்ட ஏழாம் கார்டு. இந்த இரண்டு அடி ஸ்வரங்களுக்கும் இடையே உள்ள தூரம், ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்கு உள்ள தூரம். ஐரோப்பிய இலக்கணப்படி ஏழாம் கார்டு என்பது வழியில் நிற்கும் கார்டு. அது ஒரு வீட்டைத் தேடிப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இங்கே இரண்டும் எங்கும் போய்ச் சேருவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இரண்டு ஸ்வரங்கள் உண்டு: சி, எஃப்-ஷார்ப். அடியில் சி அசையாமல் நிற்க, மேலே இரண்டு கார்டுகளும் மாறி மாறி ஊசலாடுகின்றன. பெரிய மணியின் நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுவது போன்ற ஊசல். அதற்குமேல் வேகம் கூடுகிறது, சிறு மணிகள் நுழைகின்றன, ஆனால் கார்டுகள் அதே இரண்டுதான். இந்த ஆர்ப்பரிப்பெல்லாம் ஓய்ந்தபின் போரிஸ் வாயைத் திறந்து முதல்முறையாகப் பாடும் சொற்கள் “என் ஆத்மா துயருறுகிறது” என்பவை. வீடு சேராத அந்த மணிகள் அவர் சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டன.

ரிம்ஸ்கி அந்த இரண்டு கார்டுகளைத் தொட்டு அழிக்கவில்லை. அவற்றுக்குப் பட்டாடை உடுத்தினார். வாத்தியங்கள் பெருகின, பளபளப்பு ஏறியது, முசோர்க்ஸ்கியிடம் கனத்து இருண்டிருந்த ஓசை பொன்னிறமாயிற்று. மற்ற இடங்களில் அவர் கை இன்னும் ஆழமாகப் போனது. கோணலான தாளக்கட்டை நேராக்கினார், முரட்டுத்தனமாக உரசிய ஸ்வரங்களை இழைத்துவிட்டார், சில பகுதிகளைச் சுருதி மாற்றினார், பல பக்கங்களை வெட்டினார். 1871இல் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபின், இசை இலக்கணத்தைத் தானே உட்கார்ந்து அடியிலிருந்து கற்றவர் அவர். அந்தக் கண்ணுக்குப் பழைய அறைத்தோழனின் பிரதியில் தெரிந்தவை பிழைகள். ‘போரிஸை’ வழிபடவும் செய்கிறேன், வெறுக்கவும் செய்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். துணிவுக்காகவும் தனித்தன்மைக்காகவும் வழிபாடு, சீர்மையின்மைக்காக வெறுப்பு.

எனக்கு அவர்மீது கோபம் வருவதில்லை. ஓர் ஓபராவை மேடையில் வைத்திருக்க வேண்டுமென்றால், அச்சிட்ட முழுப்பிரதியும் வாத்தியத் தாள்களும் வேண்டும். முசோர்க்ஸ்கியின் உயில் பொறுப்பாளர் தேர்த்தி ஃபிலிப்போவ், அவரது படைப்புகளைப் பணம் எதுவும் வாங்காமலேயே பெஸ்ஸெல் பதிப்பகத்துக்குக் கொடுத்தார், சீக்கிரம் அச்சிட வேண்டும் என்ற உடன்படிக்கையோடு. நண்பனின் பெட்டியில் கிடந்ததையெல்லாம் ஊதியமின்றி ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ரிம்ஸ்கிதான். ‘போரிஸ்’ திருத்திய முழுப்பிரதி 1896இல் அச்சாயிற்று. அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியின் பெரிய மண்டபத்தில் அவரே நடத்தினார். 1898இல் மாஸ்கோவில் சாவா மாமந்தோவின் தனியார் ஓபராவில் பாடகர் ஃபியோதர் ஷாலியாப்பின் போரிஸாக வந்தார். அதன்பின் இந்த ஓபராவை நிறுத்த யாராலும் முடியவில்லை. 1908 மே மாதம் கலை நிகழ்ச்சி அமைப்பாளர் செர்கெய் தியாகிலெவ் அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அதற்காக முடிசூட்டுக் காட்சியை ரிம்ஸ்கி இன்னும் நீட்டி எழுதிக்கொடுத்தார். முன்பு தான் வெட்டிய பகுதிகளையும் திரும்பச் சேர்த்து இரண்டாவது திருத்தத்தை முடித்திருந்தார்: பீமென் சொல்லும் பழைய ஜார்களின் கதை, கிளிக் கதை, கடிகாரம் முதலியவை. ஆனால் கடைசி இரண்டு காட்சிகளின் வரிசையை அவர் திரும்ப மாற்றவில்லை. ஷாலியாப்பினின் மரணக் காட்சி எல்லாரையும் உலுக்கிய பிறகு எந்த அரங்கமும் அதை மாற்ற விரும்பியிருக்காது. நட்சத்திரப் பாடகர் செத்து விழுந்தபின் இன்னொரு காட்சிக்கு ரசிகர்களை உட்காரவைப்பது கடினம்.

முசோர்க்ஸ்கி வைத்த வரிசைக்கு எதிரான இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. 1869இன் முதல் வடிவம் போரிஸின் மரணத்தோடுதான் முடிகிறது. ஆனால் அந்த வடிவத்தில் குரோமி கிடையாது. குரோமியை எழுதியபின் முசோர்க்ஸ்கி அதைக் கடைசியில் வைத்தார் என்பதே எனக்குத் தீர்ப்பு. அரசன் செத்தபின்னும் கதை முடியவில்லை, இனிமேல்தான் நாட்டுக்குக் கேடுகாலம் என்று பித்தன் பாடுகிறான். வரிசை மாறினால் அவன் சொன்னதற்கு எடை போய்விடுகிறது.

இதற்கிடையே, யாரும் பெரிதாகக் கவனிக்காத 1874இன் பியானோ பிரதி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1875–76 குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கு வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் காமிய் சென்-சான்ஸ் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துச் சென்றார். அது ஜூல் த பிரேயர் என்ற இசை ஆர்வலரிடம் போயிற்று. அவர் வழியாகப் பாரிஸின் இளம் இசைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். கிளோத் டெபுஸி அவர்களுள் ஒருவர். பேச்சின் ஓட்டத்திலேயே பாட்டை நடத்துவது, கார்டுகளை வீடு தேடி அனுப்பாமல் நிறத்துக்காக நிறுத்திவைப்பது ஆகிய இரண்டும் அவரது ‘பெலியாஸும் மெலிஸாந்தும்’ ஓபராவின் ஆதாரக் குணங்கள். அங்கே முசோர்க்ஸ்கியின் பாதிப்பைப் பற்றி இசை அறிஞர்கள் பலகாலமாகப் பேசிவருகிறார்கள். 1908இல் தியாகிலெவின் குழு பாரிஸ் மேடையில் பொன்னிற போரிஸைப் பாடியபோது, அந்த ஊரில் சிலருக்கு ஏற்கெனவே கறுப்பு வெள்ளைத் தாளில் முரட்டு போரிஸ் தெரிந்திருந்தது. இரண்டும் வேறு வேறு என்று சொல்லக்கூடிய சாட்சிகள் அவர்கள். மேடையிலும் முழுப்பிரதியிலும் முசோர்க்ஸ்கி மறைந்துபோன முப்பது ஆண்டுகளில், அவர் எழுதியது எது என்று காட்ட உலகத்திடம் இருந்த ஒரே அச்சுச் சான்று, விலை மலிந்த அந்தப் பியானோ பிரதிதான்.

மூலத்தை மீட்கும் வேலை சோவியத் காலத்தில் தொடங்கியது. பாவெல் லாம் என்ற அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, போரிஸ் அசாஃபியெவின் துணையுடன் 1928இல் பதிப்பை வெளியிட்டார். முசோர்க்ஸ்கியின் சொந்த வாத்தியப் பங்கீடு முதன்முறையாக அச்சில் வந்தது அப்போதுதான். அவர் இறந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் விளாதிமிர் திரானிஷ்னிகோவ் அதை லெனின்கிராடில் நடத்தினார். ஜூலையில் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷாலியாப்பின் பாடியது நேரடியாக ஒலிப்பதிவானது. அது ரிம்ஸ்கியின் பிரதி. அந்தப் பதிவை இன்றும் கேட்கலாம். குரல் எழுந்து நடப்பது போலிருக்கும். அப்படிப்பட்ட குரல் ரிம்ஸ்கியின் பக்கம் இருக்கும்போது மூலப்பிரதி எப்படி எளிதில் வெல்லும்?

லாம் பதிப்பு பெரும் தொண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. 1869, 1872 ஆகிய இரண்டு வடிவங்களையும் அவர் ஒன்றாகக் கோத்துக் கொடுத்தார். எதையும் விட்டுவிடக்கூடாது என்ற பதிப்பாசிரியரின் அக்கறை அது. அரங்கங்கள் அதைக் கண்டதும் எல்லாவற்றையும் பாட ஆசைப்பட்டன. செயின்ட் பசில் காட்சியும் வேண்டும், குரோமியும் வேண்டும்.

இங்கேதான் பித்தனின் காசு உருளுகிறது. 1869இன் செயின்ட் பசில் காட்சியில் தெரு விடலைகள் தெய்வப்பித்தனைச் சீண்டி, அவன் வைத்திருக்கும் ஒரு கோபெக் காசைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவன் அழுகிறான். போரிஸ் தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறார். “பையன்கள் என் காசைத் திருடிவிட்டார்கள். அவர்களைக் கொன்றுபோடச் சொல், நீ அந்தக் குட்டி இளவரசனைக் கொன்றாயே, அதுபோல” என்கிறான் பித்தன். காவலர்கள் பாய்கிறார்கள். போரிஸ் தடுத்துவிட்டு, எனக்காகப் பிரார்த்தனை செய் என்கிறார். “ஏரோது ராஜாவுக்காகப் பிரார்த்திக்க முடியாது, தேவமாதா அனுமதிக்கமாட்டாள்” என்று, பைபிளில் குழந்தைகளைக் கொல்லவைத்த அரசனின் பெயரைச் சொல்லி அவன் மறுத்துவிடுகிறான். புஷ்கினின் வரிகள் இவை. ஓபராவில் அரசனும் மக்களும் முகத்துக்கு முகம் நிற்கும் ஒரே இடம் இதுதான். 1872இல் முசோர்க்ஸ்கி இந்தக் காட்சியை எடுத்தபோது, விடலைகள் காசு பிடுங்குவதையும் பித்தனின் கடைசிப் புலம்பலையும் மட்டும் பெயர்த்துக் குரோமியில் நட்டார். ஆகவே இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பாடினால், ஒரே மாலையில் ஒரே பித்தனிடம் ஒரே பாட்டோடு காசு இரண்டுமுறை திருடுபோகும். முசோர்க்ஸ்கி அப்படி ஒருபோதும் எண்ணியதில்லை. ஆனாலும் போரிஸும் பித்தனும் சந்திக்கும் கணத்தை இழக்க எந்த இயக்குநருக்கும் மனம் வருவதில்லை. மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கம், ரிம்ஸ்கியின் பிரதிக்குள் செயின்ட் பசில் காட்சியை நுழைப்பதற்காகவே, ரிம்ஸ்கியின் மாணவர் மிகயீல் இப்போலிதோவ்-இவானோவைக் கொண்டு அதற்கு ஆசிரியர் பாணியிலேயே வாத்தியப் பங்கீடு செய்யவைத்து 1927இல் பாடியது.

அடுத்த பெரிய பெயர் சோவியத் இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச். 1939–40இல் லாம் பதிப்பை எடுத்துக்கொண்டு ஓபரா முழுவதற்கும் புதிய வாத்தியப் பங்கீடு எழுதினார். முசோர்க்ஸ்கியின் கார்டுகளையும் குரல் வரிகளையும் ரிம்ஸ்கிபோல் மாற்றி எழுதாமல், ஓசையின் எலும்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் மாற்றியதாகச் சொல்லலாம். போர் வந்ததால் மேடையேற்றம் தள்ளிப்போய், 1959 நவம்பரில்தான் லெனின்கிராடின் கீரோவ் அரங்கில் அரங்கேறியது. ரிம்ஸ்கியின் பொன்மெருகு இதில் இல்லை; சாம்பலும் இரும்பும் உண்டு. கலகக் காட்சியில் தாளவாத்தியங்களும் பித்தளை வாத்தியங்களும் மோதும் இடங்களில் ஷோஸ்டகோவிச்சின் சொந்த சிம்பொனிகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது. எனக்கு அது பிடித்தமானது. ஆயினும் முசோர்க்ஸ்கியின் குரலைக் கேட்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது இன்னொரு மேதையின் குரல். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்காக கரோல் ரத்தாவுஸ் செய்த பங்கீடு 1953இல் மேடையேறியது. ஃபிலடெல்ஃபியாவில் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, பாடகர்களே இல்லாமல் ஓபராவை வாத்தியக்குழுவுக்கான ஒரு நீண்ட கோவையாகத் தொகுத்து 1936இல் பதிவு செய்தார். ஒவ்வொருவரும் முசோர்க்ஸ்கிக்கு உதவவே வந்தார்கள்.

உதவி தேவையா என்ற கேள்வியே மெல்ல மாறியது 1975இல் டேவிட் லாயிட்-ஜோன்ஸின் பதிப்பு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வந்தபிறகுதான். லாம் கலந்ததை அவர் பிரித்தார். 1872இன் வடிவத்தை உடலாக வைத்து, 1869இன் மாறுபட்ட பகுதிகளைத் தனியே கொடுத்தார். அரங்கங்களுக்கு நம்பி எடுக்கக்கூடிய முழுப்பிரதி கிடைத்தது. சீக்கிரமே ஜெர்ஸி செம்கோவ் நடத்த, மார்த்தி தால்வேலா போரிஸாகப் பாடிய மூலவடிவத்தின் இசைத்தட்டுகள் வந்தன. 1983இல் கோவென்ட் கார்டனில் கிளாவ்தியோ அப்பாதோ நடத்த, திரைப்பட இயக்குநர் ஆந்திரேய் தார்கோவ்ஸ்கி அதை மேடையேற்றினார். 1997இல் வலேரி கெர்கியெவ் மாரின்ஸ்கி குழுவுடன் 1869, 1872 இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒரே பெட்டியில் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் நான் பரிந்துரைப்பது அந்தப் பெட்டியைத்தான். முசோர்க்ஸ்கியின் வாத்தியப் பங்கீடு திறமையற்றது என்ற பழைய குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு மடக் காட்சியின் தொடக்கத்தைக் கேளுங்கள். தாழ்ந்த தந்திவாத்தியங்களில் ஒரு சிறு அலை, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி. முதிய துறவியின் எழுதுகோல் தாளில் நகர்கிறது. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அவர் ஒன்றும் வைக்கவுமில்லை.

இப்போதைய அலை 1869இன் பக்கம். லண்டன் 2016இலும், பாரிஸ் 2018இலும், நியூயார்க் 2021இலும் ஏழு காட்சி வடிவத்தையே எடுத்தன. மிலானின் லா ஸ்காலா 2022 டிசம்பர் 7 அன்று தன் பருவத்தை அதைக்கொண்டே தொடங்கியது. அது இறுக்கமானது, நவீனமாகத் தோன்றுகிறது, இடைவேளையின்றி ஓட்டிவிடலாம், போலந்துக் காட்சிகளின் ஆடை அலங்காரச் செலவும் இல்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் ‘முதல் எழுத்து’ என்பதற்காகவே அதை அசல் என்று விளம்பரப்படுத்துவது சரியல்ல. 1872இன் பிரதியும் அதே கையால், யாரும் கேட்காத இடங்களில்கூட மனமுவந்து மாற்றி எழுதப்பட்ட அசல்தான். கடிகாரமும் ‘சலாம்போ’ மெட்டும் குரோமியும் இல்லாத போரிஸை மட்டும் ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்தால், அது ரிம்ஸ்கி காலத்து இழப்புக்குக் குறைந்தது ஆகாது.

தன் திருத்தத்தால் பழைய ஓவியத்தை நிரந்தரமாகச் சுண்ணாம்பு அடித்து மூடிவிடவில்லை, மூலமே சிறந்தது என்ற முடிவுக்கு உலகம் வந்தால் என்னுடையதை ஒதுக்கிவிட்டு அதையே பாடட்டும் என்று ரிம்ஸ்கி தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். 1874இன் பியானோ பிரதி அச்சில் இருந்ததால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

ஒரு பதிவோ காணொளியோ கைக்கு வந்தால், எந்த போரிஸ் என்று கண்டுபிடிக்க அட்டையை நம்ப வேண்டாம். கடைசிக் காட்சிக்குப் போங்கள். போரிஸின் மரணத்தில் முடிந்து, போலந்துக் காட்சிகளும் இல்லையென்றால் அது 1869. போலந்தும் குரோமியும் வந்து, அதற்குப் பிறகு அவர் செத்தால் பெரும்பாலும் ரிம்ஸ்கியின் வரிசை. பித்தனின் அழுகையில் முடிந்தால் 1872இன் வரிசை. அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: விடலைகள் அவன் காசை எத்தனை முறை பிடுங்குகிறார்கள் என்று. இரண்டுமுறை என்றால், முசோர்க்ஸ்கி எழுதிய இரண்டு ஓபராக்களை ஒரே இரவில் சேர்த்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.